டொலர் வருகிறது, உரிமை வருமா?

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் திகதி காலையில் எகிப்திய மத்திய வங்கி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள், அந்நாட்டிலே மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருடைய வருவாயும் டொலர்க் கணக்கில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்து போயிற்று. கள்வர் எவரும் வீடு புகவில்லை. முதலாளி எவரும் சம்பளத்தை வெட்டவில்லை. சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டிருந்த எண் முதல் நாள் இருந்தவாறே மறுநாளும் இருந்தது. அந்த எண்ணுக்கிருந்த பெறுமதிதான் ஒரே பகலில் ஓடி ஒளித்துவிட்டது.

இவ்வனுபவம் எகிப்தியருக்குப் புதிதன்று. 2016ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி பவுண் மிதக்கவிடப்படுவதற்கு முன்னர் ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 8.8 எகிப்தியப் பவுண். அவ்வாண்டு முடிவதற்குள் அது 18 பவுணைத் தாண்டியது. பின்னர் சற்று இறங்கி, 2022 மார்ச் வரை 15.7 பவுணளவில் நின்றது. அம்மாதத்திலும், அவ்வாண்டு ஒக்டோபரிலும், 2023 ஜனவரியிலும் பவுண் அடுத்தடுத்து வீழ்ந்தது. டொலரின் விலை 30 பவுணாயிற்று. 2024 மார்ச்சில் அது 50 பவுணை எட்டியது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாதம் 10,000 பவுண் வாங்கிய பொறியியலாளர் ஒருவரின் சம்பளம் ஏறத்தாழ 635 டொலருக்குச் சமமாயிருந்தது. அதே 10,000 பவுண் இரண்டாண்டுகள் கழிந்தபின் 200 டொலராகச் சுருங்கியது.

அரசாங்கம் சம்பளத்தை உயர்த்தவில்லையா என்று கேட்கலாம். உயர்த்தியது. 2022 ஜனவரியில் அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2,400 பவுண். 2024 மார்ச்சில் அது 6,000 பவுணாக்கப்பட்டது. எண்ணைப் பார்த்தால் இரண்டரை மடங்கு உயர்வு. டொலரைக் கொண்டு அளந்தாலோ, முன்னையது 150 டொலர்; பின்னையது 120 டொலர். ஏணியில் ஏறுவதாக எண்ணிக்கொண்டிருந்தவன் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தான். கோதுமையையும் சமையலெண்ணெயையும் மருந்தின் மூலப்பொருள்களையும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒரு தேசத்தில், நாணயத்தின் வீழ்ச்சி நேரே சமையலறைக்கு வந்து சேர்கிறது. 2023 செப்ரெம்பரில் எகிப்திய நகரங்களில் விலைவாசி முந்திய ஆண்டைவிட 38 வீதம் உயர்ந்து நின்றது.

ஆகவே, அந்நாட்டின் கற்ற வகுப்பார் ஒரு முடிவுக்கு வந்தனர். உழைப்பது கெய்ரோவில் இருக்கட்டும்; ஊதியம் வேறெங்கிருந்தாயினும் வரட்டும் என்பதே அம்முடிவு. கணினி நிரல் எழுதுவோர், கட்டடப் படம் வரைவோர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர், ஆசிரியர், விளம்பரச் சித்திரம் தீட்டுவோர் ஆகியோர் தத்தம் வீட்டு மேசையிலிருந்தபடியே பேர்லினுக்கும் லண்டனுக்கும் துபாய்க்கும் ரியாத்துக்கும் வேலை செய்து, டொலரிலும் யூரோவிலும் கூலி பெற முயல்கின்றனர். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் பவுணுக்கு உழைத்துவிட்டு, இரவில் இன்னும் நான்கு மணி நேரம் டொலருக்கு உழைப்போரும் உளர்.

எகிப்தியரின் சம்பளப் பிரச்சினை எமக்கெதற்கு என்று வாசகர் நினைத்தல் ஆகாது. 2022 ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்த நாட்டில் வாழ்கின்றோம் நாம். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை எமது கண்களாற் கண்டோம். எகிப்தியனின் நோவு எமக்கு விளங்காத மொழியன்று. அவன் தேடும் மருந்து எத்தகையது, அதனை விற்பவர் யார், அதன் விலையென்ன என்பவற்றை ஆராய்வது எமக்கும் நன்மை தரும்.

இது துரோகமா?

வெளிநாட்டுக்கு உழைக்கும் இளைஞரைப் பார்த்து, நாட்டின் செலவிற் படித்துவிட்டு அந்நியனுக்குச் சேவகம் செய்கின்றனர் என்று பழிப்போர் எல்லா நாட்டிலும் உண்டு. எகிப்திலும் உண்டு. இப்பழி நியாயமானதா என்பதை அந்நாட்டின் வரலாற்றைக் கொண்டு அளந்து பார்த்தல் வேண்டும்.

ஜனாதிபதி நாசரின் காலத்தில் எகிப்திய அரசு தன் இளைஞருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 1962இல் பல்கலைக்கழகக் கல்வி இலவசமாயிற்று. 1964இல் பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசாங்க உத்தியோகம் உண்டென்று சட்டமே உறுதி கூறியது. உழவனின் மகனும் தையற்காரனின் மகளும் பொறியியலாளராகவும் வைத்தியராகவும் ஆகலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. சம்பளம் பெரிதன்று, ஆயினும் அது மாதந்தோறும் வந்தது. அதனைக் கொண்டு வாடகை கொடுக்கலாம், பிள்ளையைப் படிப்பிக்கலாம், மானத்தோடு வாழலாம். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற நாகிப் மக்பூஸ்கூட 1971இல் ஓய்வுபெறும்வரை அரசாங்க உத்தியோகத்தராகவே வாழ்ந்தார்.

அந்த உடன்படிக்கை மெல்ல மெல்ல முறிந்தது. பட்டதாரிகள் பெருகினர், உத்தியோகங்கள் பெருகவில்லை. 1980களில் நியமனக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் கடிதம் வருவதே நின்றுபோயிற்று. அதற்கு முன்னரே, 1973இல் எண்ணெய் விலை ஏறியதைத் தொடர்ந்து, எகிப்திய ஆசிரியரும் வைத்தியரும் மேசன்மாரும் வளைகுடா நாடுகளுக்கும் லிபியாவுக்கும் ஈராக்குக்கும் புறப்பட்டுவிட்டனர். அவர்கள் அனுப்பிய பணத்திலே நைல் நதிக் கரைக் கிராமங்களிற் செங்கல் வீடுகள் எழுந்தன. ஆனால் தகப்பன் முகத்தை ஆண்டுக்கொருமுறை மாத்திரம் காணும் ஒரு தலைமுறையும் அவ்வீடுகளில் வளர்ந்தது. 1990 ஓகஸ்டில் குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது, பல இலட்சம் எகிப்தியர் கைப்பெட்டியோடு ஊர் திரும்பினர்.

உடன்படிக்கையை முதலில் முறித்தவன் இளைஞன் அல்லன். படி, வேலை தருகிறேன் என்ற அரசு வேலை தரவில்லை. வேலை கொடுத்த இடத்திற் சம்பளம் தங்கவில்லை. இந்நிலையில், குடும்பத்தைப் பிரியாமல், கடவுச்சீட்டைப் பிறனிடம் ஒப்படைக்காமல், வளைகுடா முதலாளியின் தயவிற் கிடக்காமல், சொந்த வீட்டிலிருந்தே உழைத்து நிலையான நாணயத்தில் ஊதியம் பெற ஒருவன் வழி தேடினால் அதனைத் துரோகம் என்பது எங்ஙனம் பொருந்தும்? அது தற்காப்பு. வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவரே தொழிற் களத்தில் நிற்கும் ஒரு நாட்டில், வீட்டை விட்டகலாமல் வேலை செய்ய இயலும் என்பது பெண்களுக்கு எத்துணைப் பெரிய வாயில் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அராபி பாஷா கண்ட கடன்

நாட்டின் கடனுக்கும் வீட்டின் சம்பளத்துக்கும் உள்ள உறவை எகிப்தியர் கற்றுக்கொண்டது நேற்றல்ல. கடன் சுமையால் நெருக்குண்ட கெதீவ் இஸ்மாயில் 1875இல், சூயசுக் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகளை 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்றார். மறு ஆண்டிலேயே கடன் கொடுத்தோரின் ஆணைக்குழு கெய்ரோவில் வந்து அமர்ந்தது. எகிப்தின் மந்திரிசபையில் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இடம்பெற்றனர். செலவைச் சுருக்குவதற்காக 1879இல் ஏறத்தாழ 2,500 இராணுவ உத்தியோகத்தர் அரைச் சம்பளத்துக்குத் தள்ளப்பட்டனர். கடன்காரனின் கணக்கு முதலில் தீர்க்கப்பட்டது. உழைத்தவனின் கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அந்த அநீதிகளுக்கெதிராகக் கிளர்ந்த இயக்கத்தின் தலைவரே அராபி பாஷா. எகிப்து எகிப்தியருக்கே என்ற குரல் அவர் காலத்தில் எழுந்தது. 1882 செப்ரெம்பர் 13ஆந் திகதி தெல் எல் கபீர்ப் போர்க்களத்தில் பிரித்தானியப் படை அவரை முறியடித்தது. 1883 ஜனவரியில் அவர் நாடுகடத்தப்பட்டு வந்திறங்கியது எமது கொழும்புத் துறைமுகத்திலேதான். கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். 1892இல் தொடங்கப்பட்ட கொழும்புச் சாகிராக் கல்லூரியின் வரலாற்றில் அவருடைய பெயர் இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது.

இன்றைய எகிப்தில் அந்நியப் படை இல்லை. கடன் இருக்கிறது. 2016இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 1,200 கோடி டொலருக்கு உடன்பட்டனர். 2022 டிசம்பரில் 300 கோடிக்கு மீண்டும் உடன்பட்டனர். 2024 மார்ச்சில் அத்தொகை 800 கோடியாக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன் மத்தியதரைக்கடற் கரையிலுள்ள ராஸ் எல் ஹெக்மா என்னும் நிலப்பரப்பை அபிவிருத்தி செய்வதற்காக ஐக்கிய அரபு அமீரகத்துடன் 3,500 கோடி டொலர் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. கால்வாயை நம்பியிருக்கலாமா? 2023இல் 1,000 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய சூயசுக் கால்வாய், செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டதன் விளைவாக 2024இல் ஏறத்தாழ 400 கோடியையே ஈட்டியது. டொலர் வரும் வாய்க்கால்கள் ஒவ்வொன்றாக வற்றும்போது, வீட்டு மேசையில் டொலர் ஈட்டும் இளைஞன்மீது அரசாங்கத்தின் பார்வை விழுவது இயல்பே. அப்பார்வை தாயின் பார்வையா, வரி தண்டுவோனின் பார்வையா என்பதே கேள்வி.

கூலி கைக்கு வரும் வழி

இத்தொழில் எளிதிற் கிடைப்பதாக எண்ணுவோர் அதன் வழியை அறியாதோர். வேலை தேடும் எகிப்தியன் முன் மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது, அப்வேர்க் போன்ற இணையச் சந்தைகள். அங்கே உலகத்தின் எல்லா மூலைகளிலுமிருந்து தொழிலாளர் வந்து தத்தம் கூலியைக் கூறி நிற்பர். மணிலாவும் லாகூரும் கெய்ரோவும் ஒரே வாசலில் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. சந்தைக்காரன் தன் தரகை முதலில் எடுத்துக்கொள்வான். அப்வேர்க் அதனை 2023இல் 10 வீதம் என்று வகுத்தது. அரபு மொழியில் வேலை செய்வோருக்கு மொஸ்தகில் போன்ற அரபுச் சந்தைகளும் உள்ளன. இரண்டாவது, வெளிநாட்டுக் கொம்பனியோடு நேரடி ஒப்பந்தம். மூன்றாவது, கெய்ரோவிலேயே கிளை அமைத்துள்ள வெளிநாட்டு நிறுவனங்கள். பிரெஞ்சு மோட்டார் உதிரிப்பாக நிறுவனமாகிய வலேயோ 2005 முதல் அங்கு ஒரு மென்பொருள் நிலையத்தை நடத்துகிறது.

இவ்வாயில்களில் எகிப்தியனுக்குச் சில வசதிகள் உண்டு. கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது கெய்ரோ. ஆதலால் ஐரோப்பாவின் வேலை நேரமும் எகிப்தின் வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்றே. அரபு அவனுக்குத் தாய்மொழி, ஆங்கிலமும் கற்றிருக்கிறான். பிரெஞ்சும் ஜேர்மனும் கற்றோரும் உளர். வில்லங்கமும் உண்டு. அவன் ஊரில் ஓய்வு நாள் வெள்ளியும் சனியும். அவனுக்குக் கூலி தருபவன் ஊரிலோ சனியும் ஞாயிறும். ஆகவே ஊரோடு சேர்ந்து தொழுகைக்கும் விருந்துக்கும் கூடவேண்டிய வெள்ளிக்கிழமையில் அவன் கணினியின் முன் இருக்கிறான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒருவன் மாதம் 800 டொலருக்கு வேலை பிடித்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீதத் தரகு போக 720 டொலர். பணத்தை அனுப்பும் கொம்பனிக்கும் வங்கிக்கும் கொடுக்கும் கட்டணம் போக 700 டொலர் மிஞ்சினால், டொலருக்கு 50 பவுண் வீதம் 35,000 பவுண். 2025இல் அந்நாட்டின் ஆகக் குறைந்த சம்பளமாக விதிக்கப்பட்ட 7,000 பவுணின் ஐந்து மடங்கு அது. அதே வேலைக்கு ஜேர்மனியில் ஒருவரை அமர்த்தினால் அக்கொம்பனி இதைப்போற் பல மடங்கு கொடுக்கவேண்டும். இருவருக்கும் இலாபம் என்று தோன்றும். ஆனால், ஜேர்மானியனுக்கு விடுமுறை உண்டு, வைத்தியக் காப்பு உண்டு, ஓய்வூதியம் உண்டு, காரணமின்றி நீக்கினால் நீதிமன்றம் உண்டு. எகிப்தியனோ ஒப்பந்தக்காரன் என்ற பெயரில் அமர்த்தப்படுகிறான். திங்கட்கிழமை வேலை இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சலோடு அது முடிந்துவிடும். நட்டஈடும் இல்லை, நன்றி கூறுவாரும் இல்லை. விலைக்குறைவு என்று நாம் காண்பதிற் பெரும்பகுதி இந்தப் பாதுகாப்பின்மையின் விலையே.

உழைத்த பணம் கைக்கு வந்து சேர்வதிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2020 ஜூன் மாதம் ஜேர்மனியின் வயர்கார்ட் கொம்பனி முறிந்தது. அதன் பிரித்தானியக் கிளையின் பணிகளை அந்நாட்டு அதிகாரிகள் நிறுத்தியபோது, அக்கிளை வழங்கிய பேயோனியர் அட்டைகளும் சில நாட்கள் முடங்கின. எங்கோ முறிந்த ஒரு கொம்பனிக்காக, அதன் பெயரையே கேள்விப்பட்டிராத தொழிலாளர் பல நாடுகளிற் சொந்தக் கூலியைத் தொடமுடியாமல் தவித்தனர். உள்நாட்டு முட்டுக்கட்டைகள் வேறு. 2023 ஒக்டோபரில் எகிப்திய வங்கிகள், பவுண் கணக்குகளின் அட்டைகளை வெளிநாட்டிற் பயன்படுத்துவதை நிறுத்தின. டொலர் தட்டுப்பாட்டுக்காக எடுத்த நடவடிக்கை அது. கணினித் தொழிலாளனோ தன் தொழிற் கருவிகளுக்கான சந்தாவை வெளிநாட்டுக்குக் கட்டவேண்டியவன். டொலர் கொண்டுவருபவனின் கையையே அது கட்டிற்று.

கம்பி யார் கையில்?

இத்தொழிலின் வயல் ஒரு மெல்லிய கம்பி. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் கடலடிக் கம்பிகளிற் பெரும்பாலானவை எகிப்திய மண்ணைக் கடந்தே செல்கின்றன; கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கம்பிகளும் அவற்றுள் அடங்கும். உலகத்தின் செய்தி வீட்டு வாசலால் ஓடும் நாடு அது. அவ்விதமிருந்தும் வீட்டுக்குள் இருப்பவனுக்கு என்ன உறுதி? 2011 ஜனவரி இறுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அன்றைய அரசாங்கம் நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்து ஏறத்தாழ ஐந்து நாட்கள் இருளில் வைத்தது. 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரை எரிவாயுத் தட்டுப்பாட்டால் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. 2025 ஜூலை 7ஆந் திகதி கெய்ரோவின் ரம்சிஸ் தொலைபேசி நிலையத்தில் மூண்ட தீ நான்கு ஊழியரின் உயிரைக் குடித்தது. இணையமும் தொலைபேசியும் பல இடங்களிற் செயலிழந்தன. மறுநாள் பங்குச் சந்தையும் திறக்கப்படவில்லை.

வெளிநாட்டு முதலாளிக்கு ரம்சிஸ் நிலையம் எங்குள்ளதென்பது தெரியாது. வேலை குறித்த வேளையில் வந்ததா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியும். இருமுறை தவறினால் மூன்றாம் முறை வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். சாலையும் துறைமுகமும் வணிகனுக்கு எவ்வளவு அவசியமோ, அறுபடாத மின்சாரமும் அறுபடாத இணையமும் இத்தொழிலாளனுக்கு அவ்வளவு அவசியம்.

அரசாங்கம் செய்யவேண்டியது

எகிப்திய அரசாங்கம் யாதொன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1993இல் அமைக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பக் கல்வி நிலையம் பல்லாயிரம் இளைஞரைப் பயிற்றியிருக்கிறது. 2025இன் 6ஆம் இலக்கச் சட்டம், ஆண்டுக்கு 2 கோடி பவுணுக்கு உட்பட்ட புரள்வுடைய சிறு தொழில் செய்வோரும் தனித் தொழில் வல்லுநரும் வருவாயின்மீது 0.4 வீதம் முதல் 1.5 வீதம் வரை எளிய வரி செலுத்தினாற் போதும் என்று வகை செய்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த 14ஆம் இலக்கத் தொழிற் சட்டம், தொலைவிலிருந்து செய்யும் வேலையையும் வேலையென ஏற்றுக்கொண்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும், எகிப்தில் அலுவலகமே இல்லாத ஓர் அந்நியக் கொம்பனியின்மேல் கெய்ரோவின் தொழிற் பரிசோதகரின் கை எட்டுமா? எட்டாத இடத்தில் அரசு வேறு வழி காண்டல் வேண்டும்.

முதலாவதாக, கட்டாயத்தால் டொலர் வராது என்பதை அரசாங்கம் மறவாதிருத்தல் வேண்டும். இதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. 2021-22 நிதியாண்டில் வெளிநாடுவாழ் எகிப்தியர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 3,190 கோடி டொலர். வங்கியின் விலைக்கும் கறுப்புச் சந்தையின் விலைக்கும் இடையே பள்ளம் தோன்றியதும், அடுத்த ஆண்டில் அது 2,210 கோடியாக வீழ்ந்தது. 2024 ஜனவரியில் வங்கியில் 31 பவுண் பெற்ற டொலர் தெருவில் 70 பவுண் வரை பெற்றது. எந்தத் தகப்பன் வங்கி வழியாக அனுப்புவான்? 2024 மார்ச்சில் இரு விலைகளும் ஒன்றாக்கப்பட்டன. 2024-25 நிதியாண்டில் 3,650 கோடி டொலர் வந்து சேர்ந்தது. நேர்மையான விலை கொடுத்தாற் பணம் தானே வரும். பொய் விலை கூறினால் அது சந்து வழியாகவே நடக்கும். வீட்டிலிருந்து டொலர் ஈட்டுவோருக்கும் இவ்விதியே பொருந்தும். அவர்கள் டொலரை டொலராகவே வைத்திருக்கவும் வேண்டியபோது எடுக்கவும் உரிமை இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, இத்தொழிலாளருக்கு ஓய்வூதியமும் வைத்தியக் காப்பும் கிடைக்கச் செய்தல் வேண்டும். 2019இன் 148ஆம் இலக்கச் சமூகக் காப்புறுதிச் சட்டத்தில் சுயதொழில் செய்வோருக்கும் வெளிநாட்டில் வேலை செய்வோருக்கும் இடமுண்டு. உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு உழைப்போனை இவ்விரண்டிற்கும் நடுவே தொங்கவிடாமல், சில நிமிடங்களிற் பதிந்து மாதந்தோறும் சிறு தொகை செலுத்த வழி அமைப்பது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. வரியைத் தண்டுவதற்கு வாயில் திறந்த அரசு, காப்பைக் கொடுப்பதற்கும் ஒரு வாயில் திறக்கட்டும்.

மூன்றாவதாக, இவர்கள் ஒன்றுசேர உரிமை வேண்டும். தனித்தனியே அறைகளில் அமர்ந்து ஒருவன் கூலியை மற்றவன் குறைத்துக்கொண்டிருக்கும்வரை, இலாபம் தரகனுக்கே. வழக்கறிஞருக்கும் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் சங்கங்கள் உள்ள நாட்டில், தொலைவிலிருந்து உழைப்போரும் சங்கம் அமைத்து, நியாயமான கூலி எது, ஏமாற்றும் கொம்பனி எது என்று தம்முட் பகிர்ந்துகொள்ளத் தடை இருத்தலாகாது.

நாலாவது கருமம் யாவற்றிலும் பெரிது. கணினியைத் தொடுபவனுக்கு டொலர் கிடைக்கலாம். நோயாளியைத் தொடுபவனுக்கு அது கிடைக்காது. 2019 தொடக்கம் 2022 மார்ச் வரை 11,000க்கு மேற்பட்ட வைத்தியர் அரசாங்க சேவையை விட்டு விலகினர் என்று எகிப்திய வைத்தியர் சங்கமே கணக்குக் கூறிற்று. அவர்களுக்கு வீட்டிலிருந்து டொலர் ஈட்டும் வழியில்லை. விமானம் ஏறுவதே வழி. கிராமப் பள்ளியிற் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியன், மாலையில் திரை வழியாக வளைகுடாப் பிள்ளைக்குக் கற்பித்தால் ஒரு வாரத்தில் ஒரு மாதச் சம்பளத்தை ஈட்டலாம் என்று காண்கிறான். நாளடைவில் அவன் எந்தப் பிள்ளைக்கு நன்றாகக் கற்பிப்பான்? ஒரே தெருவில் டொலர் வீடும் பவுண் வீடும் என இரு வீடுகள் எழும். வாடகையோ டொலர் வீட்டைப் பார்த்தே ஏறும். ஆகவே, தொலைவிலிருந்து செய்யும் வேலை சிலருக்குப் படகாகலாம். 10 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அது பாலமாகாது. தன் வைத்தியனும் ஆசிரியனும் தன் நாணயத்திலேயே மானத்தோடு வாழ வழி செய்யாத அரசு, இளைஞரின் டொலரைக் காட்டித் தன் தோல்வியை மறைத்தல் தகாது.

இளைஞருக்கு ஒரு சொல்

இவ்வழியிற் புகும் இளைஞருக்கும் சில கூறவேண்டியுள்ளது. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவன் முதலாளியல்லன்; அவனிடமிருந்து விலகுக. கூலி, வேலையின் அளவு, பணம் தரும் நாள், வேலையை நிறுத்துவதாயின் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற நான்கும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை ஏற்காதீர். பெரிய வேலையாயின் பகுதி பகுதியாகக் கொடுத்துப் பகுதி பகுதியாகப் பணம் பெறுக. செய்த வேலைகளின் மாதிரிகளைச் சேர்த்து வைத்திருப்பது பத்து நற்சாட்சிப் பத்திரங்களை விட மேலானது. ஒரே முதலாளியை நம்பியிராதீர். பணம் வரும் வழியும் ஒன்றாக இருத்தலாகாது. வருவாயில் ஒரு பங்கை வேலையற்ற மாதங்களுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். உமக்கு ஓய்வூதியம் தருவார் இல்லை என்பதை மறவாதீர். வரிக்குப் பதிந்து கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவனுக்கே நாளை வங்கியிற் கடனும் வெளிநாட்டு விசாவும் எளிதாகும். குறைந்த கூலிக்கு முந்துவது வெற்றியன்று. மறுநாள் உம்மிலும் குறைந்த கூலிக்கு வேறொருவன் வருவான். தொழிலில் ஆழம் காண்பவனே நிலைத்து நிற்பான்.

கடல் கடந்து பொருள் தேடுவது எமக்குப் பழக்கமானது. கடல் கடவாமலே தேடும் வழி புதிது. எமது நாட்டிலும் அவ்வழியிற் செல்வோர் பெருகியுள்ளனர். 2025 ஏப்ரில் முதல் சேவை ஏற்றுமதியால் வரும் வருமானத்துக்கும் இங்கு 15 வீதம் வரை வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்துவது குடிமகனின் கடமை. அதனை நாம் எதிர்க்கவில்லை. அவ்வரிக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்பதும் குடிமகனின் கடமையே. கெய்ரோவில் எழும் கேள்வி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழத்தான் செய்யும்.

அராபி பாஷாவின் காலத்தில், உழைத்தவனின் சம்பளத்தை வெட்டிக் கடன்காரனின் கணக்கைத் தீர்த்தனர். இன்று எவரும் சம்பளத்தை வெட்டுவதில்லை. நாணயம் வீழ்ந்து அவ்வேலையைச் செய்து முடிக்கிறது. அதனின்று தன் வீட்டைக் காத்துக்கொள்ள எகிப்திய இளைஞன் தன் அறிவையும் இரவுத் தூக்கத்தையும் விற்கிறான். அவன் கொண்டுவரும் ஒவ்வொரு டொலரும் அவன் நாட்டின் கடனைத் தீர்க்கவும் கோதுமை வாங்கவும் உதவுகிறது. அந்த டொலரைக் கைநீட்டி வாங்கும் அரசு, அதனை ஈட்டியவனுக்கு நோயில் மருந்தும் முதுமையில் ஊன்றுகோலும் அநீதி நேர்ந்தால் முறையிட ஓர் இடமும் கொடுக்கக் கடமைப்பட்டது. அதனைக் கொடாமல் டொலரை மாத்திரம் எண்ணிக்கொண்டிருக்கும் அரசுக்கு, அவ்விளைஞன் ஒருநாள் வீட்டு மேசையை விட்டெழுந்து விமானம் ஏறிவிட்டால், குறை கூற உரிமையில்லை.